மலரைக் கொண்டு செடியை மதிப்பிடலாமா?

ஒரு பழைய இளஞ்சிவப்பு ரோஜா தரும் பாடம்

நாற்றுப் பண்ணைக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் நோக்குவது மலரையே. விலைப்பட்டியலில் உள்ள வண்ணப்படமோ, தொட்டியில் விரிந்து நிற்கும் ஒற்றைப் பூவோ அவர் கண்ணைக் கவர்ந்துவிடுகிறது. ஆனால் அவர் விலை கொடுத்து வாங்குவது பூவை அன்று, செடியை. பூ சில நாளில் உதிர்ந்துவிடும். செடியோ பல ஆண்டுகள் நிலத்தில் நின்று, எருவும் நீரும் உழைப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனவே தவறான இனத்தைத் தேர்ந்தவர் இழப்பது நாற்றின் விலையை மட்டுமன்று. அது நிலத்தை அடைத்து நின்ற ஆண்டுகளையும் சேர்த்தே இழக்கிறார். உறுப்பினர் பலர் கூடி ஒரே இனத்தை வாங்கும் இடத்தில் இவ்விழப்பும் பல மடங்காகப் பெருகும்.

முந்தானையின் அழகை மட்டும் கண்டு சேலையின் உடல் நெசவை மதிப்பிடலாகாது என்பதை நெசவாளர் நன்கு அறிவர். செடி வளர்ப்போரும் அதே விதியைக் கைக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவதற்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. அது 1890-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெளிவந்த 'மேடம் கரோலின் தெஸ்தூ' என்னும் இளஞ்சிவப்பு ரோஜா. அதன் வரலாற்றையும், தோட்டத்தில் அது காட்டும் குணங்களையும், குறைகளையும் இங்கு ஆராய்வோம்.

பட்டு நகரில் பிறந்த ரோஜா

பிரான்சிலுள்ள லியோன் நகரத்தின் பெயர் நம் பட்டு நெசவாளர்க்கு முற்றும் அயலானதன்று. தறியின்மேல் அமர்ந்து பூவேலைக்கு இழைகளைத் தூக்கித் தரும் ஜக்கார்டு பெட்டிக்குப் பெயர் தந்த ஜோசப் மாரி ஜக்கார்டு அந்நகரத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியோன் பட்டுக்குப் புகழ் பெற்றிருந்தது போலவே ரோஜாவுக்கும் புகழ் பெற்றிருந்தது. அங்கு புதிய ரோஜா இனங்களை உண்டாக்கி விற்ற குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர் ஜோசப் பெர்னே-துஷே என்பவர்.

கரோலின் தெஸ்தூ என்பவர் கிரனோபிள் நகரைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர். பாரிசிலும் லண்டனிலும் அவருக்கு உடைக் கூடங்கள் இருந்தன. பட்டு வாங்குவதற்காக அவர் லியோனுக்கு வந்து செல்வது வழக்கம். தம் பெயர் தாங்கிய ரோஜா ஒன்று வெளிவந்தால் அது தம் வாணிகத்துக்குச் சிறந்த விளம்பரமாகும் என்று அவர் கருதினார். பெர்னே-துஷேயிடம் சென்று அங்கிருந்த புதிய நாற்றுகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குத் தம் பெயரை இடுமாறு கேட்டார். அந்த நாற்று நடுத்தரமானது என்பதே பெர்னே-துஷேயின் எண்ணம். ஆயினும் வேண்டுகோளுக்கு இசைந்தார் என்று ரோஜா வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகிறது.

அதன்பின் நிகழ்ந்தது நம் கவனத்துக்கு உரியது. உண்டாக்கியவரே பெரிதாக மதியாத அச்செடியைப் பொதுமக்கள் விரும்பி வாங்கினர். பல நாடுகளில் அது பரவியது. இன்று, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், பழைய ரோஜாக்களைப் போற்றுவோர் அதை வளர்த்து வருகின்றனர். உடைக் கூடம் மறைந்தது. அதன் பெயரைத் தாங்கிய செடி நிலைத்தது. விளம்பரம் ஒரு செடியை முதல் முறை விற்கும். நூறு ஆண்டு நிறுத்தாது. அவ்வாறு நிறுத்தியது எது என்பதே நம் வினா.

பெற்றோர் யாவர்?

இச்செடி 'ஹைபிரிட் டீ' என்னும் வகுப்பைச் சேர்ந்தது. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த டீ ரோஜாக்கள் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பின. நீண்ட அழகிய மொட்டு உடையன. ஆனால் கடுங்குளிரைத் தாங்கா. ஐரோப்பாவில் அந்நாளில் வளர்ந்த 'ஹைபிரிட் பெர்பெச்சுவல்' வகுப்பு ரோஜாக்கள் வலிமையானவை; குளிர் தாங்குபவை; ஆனால் முதற் பருவத்தில் அள்ளிச் சொரிந்துவிட்டுப் பின்னர்க் குறைவாகவே பூப்பவை. இவ்விரு வகையின் நற்குணங்களையும் ஒருசேரப் பெறும் முயற்சியில் எழுந்ததே ஹைபிரிட் டீ வகுப்பு. லியோன் நகரத்துக் கியோ என்பவர் 1867-இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜா அவ்வகுப்பின் முதலாவதாகப் போற்றப்படுகிறது.

இங்கிலாந்தில் ஹென்றி பென்னட் என்னும் உழவர், கால்நடை வளர்ப்போர் நல்ல காளையையும் நல்ல பசுவையும் தேர்ந்து இணைக்கும் முறையை ரோஜாவிலும் கையாண்டார். வண்டும் தேனீயும் தற்செயலாகச் செய்யும் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டுவிடாமல், தாமே தேர்ந்து சேர்த்து, பெற்றோரின் பெயரையும் குறித்து வைத்தார். அவர் 1882-இல் வெளியிட்ட 'லேடி மேரி பிட்ஸ்வில்லியம்' என்னும் ரோஜா பெரிய மலர் உடையது. ஆனால் செடி வலிவற்றது. அந்த ரோஜாவையும் 'மேடம் தெ தார்த்தா' என்னும் டீ ரோஜாவையும் இணைத்துப் பெற்ற வித்திலிருந்து முளைத்ததே மேடம் கரோலின் தெஸ்தூ.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மெலிந்து வளரும் செடி ஒன்றே வலிமை மிக்க வாரிசுக்கு வழி தந்தது. ரோஜாவில் வித்திலிருந்து எழும் ஒவ்வொரு நாற்றும் தனித்தன்மை உடையது. உடன்பிறந்த இரண்டு நாற்றுகள் ஒன்று போல் இரா. எனவே பெற்றோர் பெருமையைக் கொண்டு பிள்ளையை மதிப்பிடுவதும், பெற்றோர் குறையைக் கொண்டு பிள்ளையைத் தள்ளுவதும் இரண்டுமே தவறு. ஒவ்வொரு நாற்றையும் அதன் சொந்த நடத்தை கொண்டே அளக்க வேண்டும். நல்லதெனத் தேர்ந்த நாற்றைப் பின்னர் ஒட்டு மூலமோ, தண்டை வெட்டி நட்டோ பெருக்குவர். ஆகவே உலகிலுள்ள கரோலின் தெஸ்தூ செடிகள் யாவும் லியோனில் முளைத்த அந்த ஒரே நாற்றின் பகுதிகளே எனலாம்.

மலரின் இயல்பு

மலர் பெரியது, உருண்டு திரண்டது, இதழ் நிறைந்தது. நிறம் தூய இளஞ்சிவப்பு. நடுப்பகுதி சற்று ஆழ்ந்தும் ஓரம் சற்று வெளிறியும் இருக்கும். இதழின் மேற்பரப்பில் பட்டுத் துணியின் மினுமினுப்பைக் காணலாம். நன்கு விரிந்ததும் வெளி இதழ்களின் ஓரம் பின்புறமாகச் சுருண்டு வளையும். பிற்கால ரோஜாக்களில் நாம் காணும் கூர்ந்து நிமிர்ந்த நடுமுனை இதற்கு இல்லை. கிண்ணத்தில் குவித்து வைத்தாற்போன்ற நிறைவே இதன் அழகு.

மணம் மென்மையானது. லா பிரான்சின் மணத்துக்கு இது ஈடாகாது. மணத்தையே முதன்மையாகக் கருதுவோர்க்கு இது பெருங்குறையாகவே தோன்றும். மலரை மட்டும் தட்டில் வைத்துத் தேர்வு செய்யும் காட்சி மேடையில் பிற்கால இனங்கள் பல இதனை எளிதில் வென்றுவிடும். பெர்னே-துஷே நடுத்தரம் என்று எண்ணியதாகக் கூறப்படும் செய்தியும் நமக்கு வியப்பளிப்பதில்லை.

செடியின் இயல்பு

இனிச் செடியை நோக்குவோம். இது வீரியத்துடன் வளரும் புதர்ச்செடி. நல்ல மண்ணில் மூன்று நான்கு அடி உயரம் எளிதில் எழும். பூப்பு ஒரே பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. முதல் அலை ஓய்ந்ததும் வாடிய மலர்களை நீக்கிவிட்டால், அடுத்த தளிர்களின் நுனியில் மீண்டும் மொட்டு வரும். ஐரோப்பாவின் இலையுதிர் காலம் வரை அது பூத்துக்கொண்டிருக்கும். குளிரையும் நன்கு தாங்கும்.

இலையின் நலத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். அந்நாளில் ஹைபிரிட் டீ வகுப்பு ரோஜாக்களில் அடர்ந்த மஞ்சள் நிறம் இல்லை. அந்நிறத்தைப் பெறும் பொருட்டுப் பெர்னே-துஷே பல ஆண்டுகள் உழைத்தார். பெர்சிய மஞ்சள் ரோஜாவைச் சேர்த்து, 1900-இல் 'சொலெய் தோர்' என்னும் பொன்னிற ரோஜாவை வெளியிட்டார். உலகம் அதனைக் கொண்டாடியது. ஹைபிரிட் டீ வகுப்பில் இன்று நாம் காணும் மஞ்சளும் செம்பொன்னும் பெரும்பாலும் அதன் வழி வந்தவை. ஆனால் அந்நிறத்தோடு கூடவே கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் இயல்பும் வகுப்புக்குள் புகுந்தது. கண் மகிழ்ந்தது; இலை நலிந்தது. கரோலின் தெஸ்தூ அக்கலப்புக்கு முந்தியது. ஒருவரே தம் கையால் உண்டாக்கிய இவ்விரு ரோஜாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மலரில் பெற்ற பேறு செடியில் இழப்பாக முடியக்கூடும் என்பது விளங்கும்.

கரோலின் தெஸ்தூவின் வீரியம் அதன் வழித்தோன்றலிலும் தெரிந்தது. ஜெர்மனியில் பீட்டர் லாம்பர்ட் என்பவர் இதனை 'மெர்வெய் தெ லியோன்' என்னும் ரோஜாவோடு இணைத்து, 1901-இல் 'பிரௌ கார்ல் துருஷ்கி' என்னும் வெள்ளை ரோஜாவை வெளியிட்டார். அதற்கு மணமே இல்லை எனலாம். ஆயினும் அதன் வலிமையும் பூக்கும் திறனும் அதனை உலகெங்கும் பரப்பின.

தெருவோரத்தில் நடந்த தேர்வு

ஒரு செடியின் தரத்தை உறுதி செய்ய வல்லுநரின் தோட்டம் போதாது. அங்கு ஒவ்வொரு செடிக்கும் தனிக் கவனிப்பு உண்டு. மெலிந்த செடியும் அங்குப் பிழைத்துவிடும். கவனிப்புக் குறைந்த இடத்திலும் பூக்கிறதா என்பதே கடினமான தேர்வு. கரோலின் தெஸ்தூவுக்கு அத்தேர்வு அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் நடந்தது.

1905-இல் அந்நகரில் லூயிஸ்-கிளார்க் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடைபெற்றது. அதனையொட்டி நகரை ரோஜாவால் அழகு செய்ய வேண்டும் என்னும் ஊக்கம் மக்களிடையே எழுந்தது. இதற்குத் தூண்டுகோலாக நின்றவர்களுள் பிரெடரிக் ஹோல்மன் என்னும் வழக்கறிஞர் ஒருவர். வீதிகளின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, கரோலின் தெஸ்தூ செடிகளை மக்கள் ஆயிரக்கணக்கில் நட்டனர். 1907-இல் அந்நகரில் ரோஜா விழா தொடங்கியது. 'ரோஜா நகரம்' என்னும் பெயரும் நிலைத்தது.

வீதியோரச் செடிக்குத் தனித் தோட்டக்காரர் இல்லை. ஒரு வீட்டார் நன்கு கவாத்து செய்வர். அடுத்த வீட்டார் மறந்துவிடுவர். ஒருவர் எரு இடுவர், மற்றவர் இடார். புழுதி படியும், வழிப்போக்கர் மலரைப் பறிப்பர். இத்தகைய இடத்தில் ஒரு தெரு முழுவதும் ஒரே சீராகப் பூக்க வேண்டுமாயின், செடிக்குத் தன் சொந்த வலிமை இருந்தாக வேண்டும்.

எனினும் அவ்வூரின் தட்பவெப்பமும் இதற்குத் துணை நின்றது என்பதை மறத்தலாகாது. போர்ட்லண்டில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை வறண்டது, ஆனால் கொடிய வெப்பம் வழக்கமன்று. பூக்கும் காலத்தில் இலையும் மொட்டும் மிகுதியாக நனைவதில்லை. எனவே ஓரிடத்தில் வென்ற செடி எவ்விடத்தும் வெல்லும் என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. அந்நகரத்தாரும் இதனை உணர்ந்திருந்தனர் போலும். முதல் உலகப் போரில் ஐரோப்பிய ரோஜாக்கள் அழிந்துவிடக் கூடாதே என்னும் கவலையில், 1915-இல் ஜெஸ்ஸி கர்ரி என்பவர் ரோஜாச் சோதனைத் தோட்டம் ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். 1917-இல் நகரம் அதற்கு இசைவளித்தது. பல நாட்டு ரோஜாக்கள் அங்கு நட்டுச் சோதிக்கப்படலாயின.

குறைகளும் அவற்றின் காரணமும்

நிறைகளை மட்டும் கூறிக் குறைகளை மறைப்பது கற்போர்க்குத் துரோகம். மணம் மென்மையானது என்று முன்னரே கூறினோம். மற்றொரு குறை, இதழ் நெருங்கி உருண்ட மலர்களுக்கெல்லாம் பொதுவானது. தொடர்ந்து மழை பெய்யும்போது மொட்டின் வெளி இதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் வெயில் பட்டதும் அவை காய்ந்து காகித உறை போலாகின்றன. உள்ளிருக்கும் இதழ்கள் அவ்வுறையைப் பிளந்து விரிய முடியாமல் அப்படியே அழுகிவிடுகின்றன. இது நோயன்று; மலரின் அமைப்பால் வருவது. மருந்து தெளிப்பதால் இது தீராது. மொட்டு முற்றும் காலம் மழைக்காலத்தோடு ஒன்றாதபடி கவாத்துக் காலத்தை மாற்றி அமைப்பதும், செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும் ஓரளவு உதவும்.

கடும் வெப்பமும் இத்தகைய மலர்களுக்குப் பகை. வெப்பம் மிகுந்தால் ரோஜா மொட்டு விரைந்து விரியும், மலர் சிறுக்கும், இளஞ்சிவப்பு நிறம் வெளிறும். குளிர்ந்த பருவத்தில் ஒரு செடி தரும் மலரையும், அதே செடி கோடையில் தரும் மலரையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெரியும்.

கொடி வடிவமும் கவாத்தும்

சில சமயம் ஒரு செடியின் ஒரே கிளை திடீரென வேறு இயல்போடு வளர்வதுண்டு. அக்கிளையிலிருந்து கண் எடுத்து ஒட்டுக் கட்டினால் புதிய வடிவம் கிடைக்கும். கரோலின் தெஸ்தூவில் இவ்வாறு தோன்றிய கொடி வடிவம் 1901-இல் வெளிவந்தது. இது பதினைந்து அடிக்கு மேலும் ஏறவல்லது. இன்று பல தோட்டங்களில் புதர் வடிவத்தைவிட இக்கொடி வடிவமே மிகுதியாகக் காணப்படுகிறது.

கொடி வடிவத்தின் தண்டுகள் விறைப்பானவை. எனவே அவை இளந்தண்டாக வளையும் பருவத்திலேயே கட்டிவிட வேண்டும். நேராக மேலே ஏற விட்டால் பூ உச்சியில் மட்டுமே வரும். தண்டைச் சாய்த்தோ படுக்கையாகவோ கட்டினால், அதன் நெடுகிலும் உள்ள கண்கள் விழித்துப் பக்கக் கிளைகளாகி, ஒவ்வொன்றின் நுனியிலும் பூக்கும். நட்ட முதல் ஆண்டில் தண்டை ஆழ வெட்டலாகாது. அவ்வாறு வெட்டினால் செடி பழைய புதர் வடிவத்துக்கே திரும்பிவிடக்கூடும்.

புதர் வடிவத்தின் கவாத்துக்கு விதி வேறு. காய்ந்த தண்டு, நோயுற்ற தண்டு, ஒன்றோடொன்று உராயும் தண்டு ஆகியவற்றை முதலில் நீக்குக. எஞ்சியவற்றுள் மெலிந்ததை ஆழமாகவும் வலியதை மேலோட்டமாகவும் வெட்டுக. வெளி நோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுவது நலம். புதுக்கிளை வெளிப்புறம் சென்று செடியின் நடுவில் காற்றும் ஒளியும் புகும். ஒட்டுக்குக் கீழிருந்து எழும் முளைகளைக் கண்டவுடன் அடியோடு பிய்த்துவிட வேண்டும். அவை அடிச்செடியின் முளைகள். விட்டால் அவையே ஓங்கி, நாம் விரும்பி நட்ட இனத்தை விழுங்கிவிடும்.

நாம் கொள்ள வேண்டியது

கரோலின் தெஸ்தூவை நம் சமவெளியில் நடுக என்று கூறுவது நம் நோக்கமன்று. குளிர்ந்த நாட்டில் பெயர் பெற்ற செடி அது. எச்செடியை வாங்கும் முன்னும் கேட்க வேண்டிய வினாக்களை அதன் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது என்பதே நாம் வலியுறுத்துவது. அவ்வினாக்கள் வருமாறு:

1. ஆண்டில் எத்தனை மாதம் இச்செடி பூக்கிறது? ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடைவெளி எவ்வளவு?

2. அடிப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் புதிய வலிய தண்டுகள் எழுகின்றனவா?

3. மழைக்காலம் கழிந்த பின் செடியில் இலை எவ்வளவு எஞ்சி நிற்கிறது?

4. தோன்றும் மொட்டுகளில் எத்தனை முழுமையாக விரிகின்றன?

5. நாம் கருதும் பயனுக்கு இம்மலர் பொருந்துகிறதா? மாலைக்கு உதிரியாக விற்கும் எட்வர்டு ரோஜாவுக்கு வேண்டிய குணம் வேறு. நீண்ட காம்போடு வெட்டி விற்கும் ரோஜாவுக்கு வேண்டிய குணம் வேறு. வீட்டு முற்றத்து அழகுக்கு வேண்டியது வேறு.

இவ்வினாக்களுக்கு விலைப்பட்டியலில் விடை இராது. நிலத்தில்தான் உண்டு. ஒரு சங்கம் புதிய இனத்தைப் பெருமளவில் வாங்கும் முன், உறுப்பினர் ஒருவர் நிலத்தில் நான்கைந்து செடிகளை மட்டும் நடலாம். அருகிலேயே, நாம் நன்கு அறிந்த பழைய இனத்தின் செடிகளையும் அதே எண்ணிக்கையில் நட வேண்டும். இரண்டுக்கும் ஒரே எரு, ஒரே நீர், ஒரே நாளில் கவாத்து. ஓர் ஆண்டு முழுவதும், எல்லாப் பருவமும் சுற்றி வரும் வரை, வாரந்தோறும் மலர்களை எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். ஆண்டு முடிவில் நோட்டு காட்டும் விடையை எந்த வண்ணப்படமும் மறுக்க இயலாது. தனியொருவர்க்கு ஓராண்டுக் காத்திருப்பு சுமையாகத் தோன்றலாம். சங்கத்தில் ஒருவர் நிலத்தில் காத்திருந்தால் அனைவரும் பயன் பெறுவர். கூட்டுறவின் பயன்களுள் இதுவும் ஒன்று.

லியோனில் அந்த நாற்றைத் தேர்ந்த அம்மையார் அதன் மலரின் நிறத்தைக் கண்டே தேர்ந்திருக்கலாம். அவருடைய பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியது அச்செடியின் வேரும் தண்டும் இலையுமே. மலரை விரும்புவோம்; அதில் தவறில்லை. விலை கொடுக்கும் முன் செடியைப் பார்ப்போம்.

படிப்பு வட்டங்களில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. வலிவற்ற ஒரு ரோஜாவிலிருந்து வலிமையான வாரிசு தோன்றியது எவ்வாறு? இதிலிருந்து விதை நாற்றைப் பற்றி நாம் அறிவது யாது?

2. மஞ்சள் நிறத்தைப் பெற்ற ரோஜா வகுப்பு அதற்கு ஈடாக இழந்தது எதனை? உங்கள் பயிரில் இதனையொத்த நிகழ்ச்சி உண்டா?

3. தொடர் மழையில் மொட்டு விரியாமல் அழுகுவதற்கு மருந்து தெளிப்பது ஏன் பயன் தராது?

4. கொடி ரோஜாவின் தண்டைப் படுக்கையாகக் கட்டுவதன் காரணத்தை விளக்குக.

5. உங்கள் சங்கத்தில் புதிய இனம் ஒன்றைச் சோதிக்க எவருடைய நிலம் ஏற்றது? குறிப்பு நோட்டை யார் பேணுவது? கூடிப் பேசி முடிவு செய்க.